இலத்திரனுக்குக் காவல் இருந்தவன்

இனிமேல் என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஓர் இலத்திரன்கூட அசையக் கூடாது என்று நான் முடிவெடுத்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். அதுவரைக்கும் இலத்திரன் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. முடிவெடுப்பதற்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

கல்முனை பஸாரில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை. ஆணி, கீல், தண்ணிக் குழாய் எல்லாம் விற்கிறேன். ஆனாலும் எனக்குப் பெயர் எடுத்துத் தந்தது பூட்டுத்தான். "ஸைனுலாப்தீன் கடைப் பூட்டா? ஒருத்தனாலயும் திறக்க ஏலாது" என்பார்கள். சில வேளை சாவி வைத்திருக்கிறவனாலும் ஏலாது. பூட்டு விற்கிறவன் எல்லாரையும் நம்பினால் தொழில் என்னத்துக்கு ஆகும்? ஆகவே நான் யாரையும் நம்புவதில்லை.

"என் வீடு" என்றேன். அது ஒரு பேச்சுக்கு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. அவளைப் பெற்றவர்கள் வளவின் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இந்த வீடு என் மனைவி றுஸ்தாவின் பெயரில் இருக்கிறது. அடுத்ததாக எங்கள் ஒரே மகள் அஸ்பியாவின் பெயருக்குப் போகும். இடையில் கரண்ட் பில்லில் மட்டும் என் பெயர் வந்து போகும்.

அதனால் அஸ்பியாவுக்கு மாப்பிள்ளை வருகிற நாள்தான் நான் மூலைக்குப் போகிற நாள். அவள் படிக்கட்டும், டொக்டராகட்டும், அவசரமில்லை என்பது என் கொள்கை. என்ன செய்ய, போன வருஷம் உயர்தரச் சோதினையில் அவள் கெமிஸ்ட்ரியில் தவறிவிட்டாள். இந்த வருஷம் திரும்பவும் எழுதுகிறாள். இந்த முறையும் தவறினால் அவளுடைய சாச்சிமார், அதாவது றுஸ்தாவின் தங்கச்சிகள், சும்மா இருப்பார்களா? "படிச்சது போதும், ஒரு இடம் பாப்பம்" என்று தொடங்கிவிடுவார்கள்.

அன்று அசறு தொழுதுவிட்டு வந்து சேட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னேரம் எனக்குக் கரம்போட் ஆடுகிற நேரம். கடற்கரைப் பக்கத்தில் உள்ள எங்கள் கழகத்தில் நானும் அபுல் ஹஸனும் ஒரு சோடி. அவன் பஸாரில் எனக்குப் பக்கத்துக் கடையில் சாரன் விற்கிறவன். அப்போதுதான் றுஸ்தா குசினிக்குள் இருந்து சாவகாசமாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, இண்டையில இருந்து அஸ்பியாக்குப் படிப்பிக்க கெமிஸ்ட்ரி சேர் ஒராள் வீட்ட வாறாரு."

"ஆரு?"

"இன்ஸாப் எண்டு. கெம்பஸ் முடிச்ச பொடியன். நீங்க போங்க, கரத்துக்கு நேரமாகுது."

"பொடியனா? என்ன வயசு?"

"வயசெல்லாம் ஆரு கேட்ட? நல்ல பொடியன். தலைய நிமித்தியும் பாக்காது."

"என்னத்தப் பாக்காது?"

"ஒண்டையும் பாக்காது. நீங்க நினைக்கிற போல ஒண்டும் இல்ல."

"நான் ஒண்டும் நினைக்கல்லியே!"

"அப்ப நல்லம். கெதியாப் போங்க."

வாசல் வரைக்கும் போனேன். செருப்பையும் போட்டேன். பிறகு நின்றேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து றுஸ்தா என்னைக் கரம் விளையாடப் போ என்று சொன்னதே இல்லை. இன்றைக்குத் தள்ளாத குறையாக அனுப்புகிறாள். நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்கு முந்தியே, அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். செருப்பைக் கழற்றினேன்.

"என்ன திரும்பிட்டீங்க?"

"வயிறு ஒரு மாதிரி இரிக்கி."

"அப்ப இருங்க, கொத்தமல்லி அவிச்சுத் தாறன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்ஸாப் வந்தான். மெலிந்த பொடியன், கைமடிக்காத வெள்ளைச் சேட்டு. வாசலில் நின்று ஸலாம் சொன்னான். மண்டபத்தில் என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே!

"அல்ஹம்துலில்லாஹ்! மாமா இரிக்கீங்களா?"

மாமா! வாசற்படி தாண்டவில்லை, அதற்குள் மாமா!

முன்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னான். அஸ்பியாவை மேசையின் அந்தப் பக்கத் தொங்கலில் இருக்கச் சொன்னான். தன் கதிரையை எனக்கு நேராகத் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டான். கண்ணை நிலத்தை விட்டு எடுக்கவில்லை. இவ்வளவு ஒழுக்கமாக ஒருத்தன் என் கடைக்குள் வந்தால், பாவித்த பூட்டை மாற்றித் தரச் சொல்லி வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"இண்டைக்கு இலத்திரன் நிலையமைப்பு படிப்பம்" என்று தொடங்கினான். "அணு எண்டத ஒரு வீடு எண்டு வெச்சுக்கங்க. இலத்திரன், அதாவது எலெக்ட்ரோன், அதில குடியிருக்கிறவங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த வீட்டில எஸ் எண்ட பகுதியில ஒரு அறை. பி எண்ட பகுதியில மூண்டு அறை. டியில அஞ்சு அறை. ஒரு அறையில கூடினா ரெண்டு இலத்திரன்தான் இருக்க ஏலும்."

உலகத்தில் உவமைக்கு எத்தனை சாமான் இருக்கிறது! முட்டைத் தட்டு இருக்கிறது. பஸ் இருக்கிறது. இவனுக்கு வீடுதான் கிடைத்ததா? அதுவும் வந்த முதல் நாளே அறையை எண்ணுகிறான். எங்கள் வீட்டில் அறை மூன்றுதான். இவன் அஞ்சு வரைக்கும் போய்விட்டான். மேலே மாடி எடுத்துத் தரச் சொல்கிறான் போல.

"தம்பி" என்றேன், "மூண்டு அறை காணாதா?"

"ஒட்சிசனுக்குக் காணும் மாமா."

"மற்றாக்களுக்கு?"

"இரும்பு, செப்பு எல்லாத்துக்கும் அஞ்சு அறை கட்டாயம் வேணும்."

இரும்பும் செப்பும் நான் விற்கிற சாமான்கள். என் கடையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"இப்ப மூண்டு அறைக்கு நாலு பேர் வாறாங்க எண்டா," என்று அஸ்பியாவுக்கு, அதாவது நிலத்துக்கு, விளக்கினான், "முதல்ல ஆளுக்கு ஒரு அறை. தனித்தனியாத்தான் இரிப்பாங்க. நாலாவதா வாற ஆள்தான் சோடி சேரும்."

"என்ன சோடி?" நான் எழும்பியே விட்டேன்.

"இலத்திரன், வாப்பா!" என்று அஸ்பியா தலையில் கை வைத்தாள்.

"எனக்கும் தெரியும்" என்று உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அபுல் ஹஸன் வந்து நின்றான்.

"நேத்து ஏன்டா வரல்ல?"

"மகளுக்குப் படிப்பிக்க ஒருத்தன் வாறான். வீட்ட அறையெல்லாம் எண்ணுறான்டா."

"மகளப் பாத்தானா?"

"இல்ல. நிலத்தத்தான் பாத்தான்."

"டைல்ஸப் பாத்திரிப்பான். நீ றுஸ்தாவப் பாக்க வந்த அண்டு முகட்டத்தானே பாத்த?"

"அது வேற."

"என்ன வேற? நானும்தானே பக்கத்தில இருந்தன். எழும்பிப் போய்த் தீராந்தி மரத்தத் தட்டிப் பாத்த."

"அப்ப இப்ப என்ன செய்ற?"

"என்ன செய்ற? காவல் இரி. எண்டாலும் வெள்ளிக்கிழமை நமக்குக் கரம் பைனல். அண்டைக்கு மட்டும் வந்திரு."

காவல் இருந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் றுஸ்தா "போங்களன், ஏன் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கீங்க?" என்பாள். ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆகும். கொத்தமல்லித் தண்ணியும் குடித்துக்கொண்டு மண்டபத்தில் இருப்பேன்.

ஆனால் என்ன கதைக்கிறான் என்று விளங்காமல் ஒருத்தனுக்குக் காவல் இருக்க முடியாது. அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். வன் எஸ் டூ, டூ எஸ் டூ, டூ பி சிக்ஸ். சோறு தின்னும்போதும் அது வாயில் ஓடியது. த்ரீ டி நிரம்புவதற்கு முந்தி போர் எஸ் நிரம்பும் என்று அவன் சொன்ன அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அதெப்பிடித் தம்பி? மூண்டு நிக்கக்குள்ள நாலு எப்பிடிப் பூந்து முந்துற?"

"போர் எஸ்ஸுக்குச் சக்தி குறைவு மாமா. லேசான இடத்துக்குத்தான் இலத்திரன் முதல்ல போகும்."

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசைக்குள் இப்படி ஒருத்தன் இடையில் புகுந்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா? கன நேரம் வாதாடினேன். அஸ்பியா எழும்பிப் போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தாள். கடைசியில் போர் எஸ்ஸுக்கு இடம் கொடுத்தேன்.

அதைவிட மோசம் அடுத்த நாள்.

"இரும்பு இலத்திரன இழக்கக்குள்ள எது முதல்ல வெளியேறும்?" என்று இன்ஸாப் கேட்டான்.

"போர் எஸ், சேர்" என்றாள் அஸ்பியா.

"ஓம். முதல்ல உள்ளுக்கு வந்தவங்கதான் முதல்ல வெளிய போகணும்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏன்? பிந்தி வந்த டிக்காரன் சொகுசா உள்ளுக்கு இரிக்க, ஆதியில வந்து இருந்தவங்க வெளிய போறதா?"

"அதான் இயற்கை மாமா" என்றான், நிலத்தைப் பார்த்து, மிகவும் அன்பாக.

இரும்பைப் பற்றியா சொன்னான்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்ன யோசின?" என்று கேட்டாள் றுஸ்தா. "போர் எஸ்ஸப் பத்தி" என்றேன். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

குரோமியம் வந்த அன்று என் மானம் போனது. அஸ்பியா பலகையில் த்ரீ டி போர், போர் எஸ் டூ என்று எழுதினாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பிழை! போர் எஸ்ஸில இருந்து ஒண்டு த்ரீ டிக்குப் போகணும். த்ரீ டி பைவ், போர் எஸ் வன். அரைவாசி நிரம்பினாத்தான் உறுதி!"

இன்ஸாப் முதன்முதலாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தான். பார்த்தது என்னை.

"மாஷா அல்லாஹ், மாமா!"

குசினிக்குள் ஒரு மூடி விழுந்து உருண்டது. றுஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அஸ்பியா கண்டாளாம். அன்று எனக்குச் சொல்லவில்லை. கடையிலும் இந்த வியாதி தொடர்ந்தது. ஒரு மனிசர் குழாய் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில குரோமியம் நிலைக்குமா?" என்று கேட்டார். "நிலைக்கும், அதுக்கு டி அரைவாசிதான் நிரம்பியிரிக்கி" என்றேன். அவர் குழாயை வைத்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பைனல். அபுல் ஹஸன் காலையிலிருந்து போன் எடுக்கிறான். ஒரு பின்னேரம்தானே, போய்விட்டு வருவோம் என்று சேட்டையும் மாற்றிவிட்டேன்.

"நான் கழகத்துக்குப் போறன்" என்றேன்.

"ஓம், போங்க" என்றாள் றுஸ்தா. "சேர் இண்டைக்குக் கெதியா வாறாராம். முக்கியமான விசயம் ஒண்டு கதைக்க இரிக்காம்."

"என்ன விசயம்?"

"நல்ல விசயம்தான் எண்டாரு. உங்களுக்கு இப்ப அதெல்லாம் எதுக்கு? நீங்க போங்க."

சேட்டைக் கழற்றினேன்.

இன்ஸாப் வந்து பாடத்தைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அபுல் ஹஸன் கையில் கிண்ணம். அவன் தோளில் கை போட்டுக்கொண்டு காரைதீவுக் கிசோக். எனக்குப் பதிலாக விளையாடினவன். கழகம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஆசைப்பட்ட கிண்ணம் அது. என் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் காரணம் இந்தப் பொடியன். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

பாடம் முடிந்து அவன் சைக்கிளை எடுக்கும்போது வாசல் கடப்படியில் போய் மறித்தேன்.

"தம்பி, நான் நேராக் கதைக்கிறன். இந்த வீட்டில அறை மூண்டுதான். மாடி எடுக்க என்னால ஏலாது. நானும் இப்போதைக்கு வெளியேற மாட்டன். உங்கட எண்ணம் என்ன?"

அவன் திகைத்துப்போய் நின்றான்.

"என்ன எண்ணம் மாமா?"

"அஸ்பியாட விசயம். என்னமோ முக்கியமான விசயம் எண்டீங்களாமே."

"ஓ, அதுவா? நான் படிப்பிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வெச்ச மாதிரிச் சோதினையில அஸ்பியாதான் முதலாவது, மாமா. இந்த முறை கட்டாயம் பாஸாகும். அதைச் சொல்லத்தான் கெதியா வந்தன். நான் சொல்லக்குள்ள நீங்க போனப் பாத்துக்கொண்டு இரிந்தீங்க."

"அப்ப... மாப்பிள்ள விசயம்?"

"அஸ்தஃபிருல்லாஹ்! எனக்குக் கல்யாணம் முடிஞ்சு மகனும் இரிக்கான் மாமா. மருதமுனையில மனிசிட வீட்டதான் இரிக்கிறன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அங்க நாலு அறை."

அப்பாடா என்று வழியை விட்டு விலகினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூட்டுக்காரன் நிறுத்துவானா?

"அப்ப ஏன் தம்பி, முதல் நாள் என்னக் கண்டதும் அவ்வளவு சந்தோசம்?"

"நீங்க இருக்காட்டி நான் திரும்பிப் போயிருப்பன் மாமா. பொம்புளப் புள்ளைக்குப் படிப்பிக்கிறதெண்டா, வீட்டில ஆம்புள ஒராள் முன்னுக்கு இருந்தாத்தான் நான் போற. மாமிக்கிட்டயும் அதைத்தான் சொன்னன். 'அவரு ஒரு நாளும் விடாம இரிப்பாரு, அது என்ட பொறுப்பு' எண்டு வாக்குத் தந்தாங்க."

"எப்ப தந்தாங்க?"

"அதுக்கு முந்தின கிழமை."

அதாவது நான் முடிவெடுப்பதற்கு ஏழெட்டு நாளைக்கு முந்தியே என் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

குசினிக்குப் பாய்ந்தேன். றுஸ்தா கீரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எல்லாம் நடிப்பு! என்னப் போங்க போங்க எண்டு சொன்னதெல்லாம் நடிப்பு!"

"என்ன நடிப்பு?" அவள் கத்தியை வைக்கவில்லை. "நல்ல பொடியன் எண்டன். இல்லியா?"

"ஓம், ஆனா..."

"நிமிந்து பாக்காது எண்டன். பாத்திச்சா?"

"இல்ல."

"நீங்க நினைக்கிற போல ஒண்டும் இல்ல எண்டன். இரிந்திச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்ப நீ நேராவே கேட்டிரிக்கலாமே, இருங்க எண்டு!"

"போன வருசம் கேட்டன். அந்தக் கெமிஸ்ட்ரி சேரும் இதையேதான் சொன்னாரு. 'நான் என்ன வாச்சரா?' எண்டு கேட்டுப்போட்டு நீங்க கரத்துக்குப் போனீங்க. அவரு ரெண்டாம் நாள் வரல்ல. பிள்ள தனியக் கிடந்து படிச்சு, சோதின எழுதிப்போட்டு அழுதுகொண்டு வந்திச்சு. அண்டையில இருந்து நான் உங்கள இருங்க எண்டு கேக்கிறல்ல. அதான் இந்த முறை போங்க எண்டு சொன்னன்."

அஸ்பியா அழுதது எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் கேட்கவில்லை. மண்டபத்தில் அவள் உம்மாவின் போனில் யாருக்கோ "முதலாவது! முதலாவது!" என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. கிண்ணம் போனால் போகட்டும் என்று பட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் தோற்றுப்போன புருஷன் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

"சரி" என்றேன், குரலைத் தடிப்பாக்கி. "இனி எனக்கு ஒருத்தரும் கண்ணக் கட்ட ஏலாது. கெமிஸ்ட்ரி நேரத்துக்கு மட்டும் இரிப்பன். நாளைக்குப் பாடம் இல்லெண்டுதானே சேர் சொன்னாரு? நான் கழகத்துக்குப் போறன்."

"ஓம், போங்க. நாளைக்குக் கெமிஸ்ட்ரி இல்ல. பிசிக்ஸ். புதுச் சேர் ஒராள் வாறாரு."

நான் சிரித்தேன். "அவருக்கும் ஆம்புள ஒராள் முன்னுக்கு இருக்கணுமாக்கும்?"

"இல்ல. அவரு இன்ஸாப் போல இல்ல" என்றாள் றுஸ்தா, மீனைக் கழுவிக்கொண்டே. "ஒருத்தரும் இருக்கத் தேவல்லயாம். வீட்டாக்கள் பக்கத்தில இருந்தா அவருக்குப் பாடம் வராதாம்."

இது என்னை உட்கார வைக்கிற சூழ்ச்சி என்று எனக்கு நன்றாகத் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், ஒரு பேச்சுக்கு, அது உண்மையாக இருந்துவிட்டால்?

மறுநாள் பின்னேரம், மண்டபத்தில் இருந்த இடத்தை விட்டு அசையாமலே, நியூட்டனின் முதலாம் விதி எனக்கு ஒரே தரத்தில் விளங்கிவிட்டது.